ஒட்டியிருந்தால் ஸ்கேனில் தெரிய வேண்டாமா?

கேள்வி: என் வயது 44. ஃபைப்ராய்டு கட்டிக்காக இரண்டு வருடம் முன்பு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். சினைப்பைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று அவற்றை விட்டுவிட்டார்கள். முதல் வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு வலது பக்க அடிவயிற்றில் வலி ஆரம்பித்தது. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சுருக்கென்று பிடிக்கிறது. மூன்று தடவை ஸ்கேன் எடுத்தாயிற்று. மூன்றிலும் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் சொன்னார்கள். ஒரு டாக்டர், ‘உள்ளே ஒட்டியிருக்கும்மா, ஆபரேஷன் செய்தவர்களுக்கு வருவதுதான்’ என்கிறார். ஒட்டியிருந்தால் ஸ்கேனில் தெரிய வேண்டாமா? எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடுமா? வீட்டில் ‘மூணு ஸ்கேன்லயும் ஒண்ணுமில்லை, எல்லாம் உன் மனசுதான்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, கரூர்)

பதில்: ஸ்கேன் அறையில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்து நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் யாரும் கேட்பதில்லை. ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படித்துவிட்டு, நிம்மதியோடோ எரிச்சலோடோ கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், பலரிடமும் இருக்கும் ஓர் எண்ணத்தைப் பார்த்துவிடுவோம். ஜெல் தடவி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் சாதாரண ஸ்கேன், சி.டி. அதற்கு மேல், எம்.ஆர்.ஐ. எல்லாவற்றுக்கும் மேல், ஒன்றில் தெரியாதது அடுத்ததில் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். கட்டணம் அந்த வரிசையில் ஏறுவதால் வந்த நினைப்பாக இருக்கலாம். உண்மையில் இந்த மூன்றும் வெவ்வேறு விஷயங்களைப் பார்ப்பவை. அல்ட்ராசவுண்ட், காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி அதன் எதிரொலியைப் படமாக்குகிறது. நீர் நிறைந்த பைகளையும் ரத்த ஓட்டத்தையும் நன்றாகக் காட்டும். உள்ளே ஒன்று நகர்ந்தால், நகரும்போதே அதைப் பார்க்கலாம். சி.டி., எக்ஸ்ரே கதிர்களைச் சுற்றிச் சுற்றிச் செலுத்தி உடம்பைக் குறுக்குத் துண்டுகளாகக் காட்டுகிறது. சீழ்க்கட்டி, குடல் அடைப்பு, சிறுநீர்ப் பாதையில் கோளாறு என்று அவசரமாகச் சந்தேகம் வந்தால் அதுதான் கைகொடுக்கும். எம்.ஆர்.ஐ.க்குக் கதிர்வீச்சு கிடையாது. காந்தப்புலத்துக்குள் நம் உடம்பின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞைதான் படமாகிறது. தசை, கொழுப்பு, நார்த்திசு, பழைய ரத்தம் இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதில் அதற்கு ஈடில்லை.

இனி உங்கள் ‘ஒட்டுதல்’. வயிற்றறையின் உட்சுவரையும், அதற்குள் இருக்கும் குடல் முதலான உறுப்புகளையும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய, வழவழப்பான சவ்வு போர்த்தியிருக்கிறது. ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிச் செல்ல அது உதவுகிறது. அறுவையின்போது அந்தச் சவ்வு காயப்பட்டால், ஆறும் சமயத்தில் ஃபைப்ரின் என்ற பசை அங்கே படிகிறது. ரத்தம் உறையும்போது உண்டாகும் அதே புரதம்தான். உடம்பு சில நாட்களில் அதைக் கரைத்துவிட வேண்டும். கரையாமல் நின்ற இடத்தில் நார்த்திசு வளர்ந்து, பக்கத்துப் பக்கத்து உறுப்புகளை நிரந்தரமாகச் சேர்த்துவிடுகிறது. ஒட்டுத்திசு என்பது இதுதான். வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. அந்த வகையில் உங்கள் டாக்டர் சொன்னது தவறில்லை.

பிறகு ஏன் ஸ்கேனில் தெரிவதில்லை? காரணம், அது பெரும்பாலும் சவ்வு கனத்துக்குத்தான் இருக்கிறது. சுற்றியிருக்கும் திசுவும் அதுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி எதிரொலிக்கின்றன. புடவை கட்டி நிற்கும் ஒருவரைப் புகைப்படம் எடுத்துப் பாருங்கள்: கொசுவத்தில் ஊக்கு குத்தியிருக்கிறதா, சும்மா மடித்துச் செருகியதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவர் நடந்தால் தெரிந்துவிடும். ஒட்டுத்திசுவும் அப்படித்தான். நின்றுபோன படத்தில் அகப்படாது, அசைவில் அகப்படும்.

அந்த அசைவைப் பார்க்க ஒரு வழி உண்டு, அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். யோனி வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்டில், டி.வி.எஸ். என்று சீட்டில் எழுதுவார்கள், டாக்டர் ஒரு கையால் புரோப் எனப்படும் ஸ்கேன் கோலை மெல்ல அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பார். ஒட்டாத சினைப்பை பக்கச் சுவரை விட்டு வழுக்கி நகரும். ஒட்டிய சினைப்பை சுவரையும் சேர்த்து இழுக்கும், அல்லது அசையவே அசையாது. இதேபோல் வயிற்றின் மேலே புரோப்பை வைத்து, ஆழமாக மூச்சு விடச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. தழும்புக்கு அடியில் குடல் மேலும் கீழும் தாராளமாகப் போய் வர வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அங்கே பிடிப்பு இருக்கிறது. இதற்கெல்லாம் சில நிமிடங்கள் கூடுதலாகும், அவ்வளவுதான். ஆனால் வெளியே முப்பது பேர் காத்திருக்கும் சென்டரில், சீட்டில் வெறுமனே ‘அடிவயிற்று வலி’ என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தச் சில நிமிடங்களை யாரும் செலவழிக்க மாட்டார்கள். வழக்கமான எம்.ஆர்.ஐ.யும் அசையாத துண்டுப் படங்கள்தான். சினி எம்.ஆர்.ஐ. என்று, மூச்சுவிட்டு முக்கச் சொல்லி ஓடும் படமாக எடுக்கும் முறை இருக்கிறது. நெதர்லாந்தில் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். நம் ஊர் சென்டர்களில் அது வழக்கமில்லை.

இரண்டாவது எண்ணத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதனால்தான் வலிக்கிறது என்று ஆகிவிடுமா? ஆகாது. உள்ளே நிறைய ஒட்டியிருந்தும் ஒரு வலியும் இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் நெதர்லாந்து மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒட்டுதலும் நாட்பட்ட வயிற்றுவலியும் இருந்த 100 பேருக்கு லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுப் பார்க்கும் அறுவை, செய்யப்பட்டது. ஒரு பிரிவினருக்கு ஒட்டுதலை வெட்டிப் பிரித்தார்கள். மற்றவர்களுக்குப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். யாருக்கு எது செய்தார்கள் என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து இரண்டு பிரிவிலும் வலி நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை! ஆகவே ‘ஒட்டியிருக்கும், திறந்து பிரித்துவிடலாம்’ என்று யாராவது அவசரப்பட்டால் நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஒவ்வோர் அறுவையும் புதிதாக ஒட்டுவதற்கு இடம் கொடுக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றுவிட்டால், ஒட்டுத்திசு குடலை மடக்கி அடைத்திருக்கலாம். அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் சி.டி. எடுக்க வேண்டிய விஷயம்.

சரி, ஒட்டுதல் என்ற பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் வயிற்றில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம். சினைப்பைகள் இருக்கின்றன. 44 வயதில் அவை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம். கர்ப்பப்பை போனதும் மாதவிலக்கு நின்றுவிட்டது, எனவே மாதக் கணக்கும் நின்றுவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. சினைப்பைக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு மாதாமாதம் முட்டைப் பையை வளர்க்கும், உடைக்கும், சில சமயம் உள்ளே ரத்தம் கசிந்து நீர்க்கட்டியாகவும் ஆகும். அந்தக் கட்டிகள் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தாமாகவே மறைந்துவிடும். ‘சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மூன்று ஸ்கேனும் வலி இல்லாத நாட்களில் எடுத்தவையா, இருந்த நாட்களில் எடுத்தவையா? அப்பாயின்ட்மென்ட் கிடைத்த நாளில்தான் எடுத்திருப்பீர்கள். ஒரு நோட்டில் இரண்டு மூன்று மாதம் வலியின் தேதிகளைக் குறித்து வாருங்கள். கிட்டத்தட்ட நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று ஓர் ஒழுங்கு தெரிந்தால், சந்தேகம் சினைப்பை மேல் விழுகிறது. அப்போது வலி உச்சத்தில் இருக்கும் நாளில் ஒரு ஸ்கேன், ஓய்ந்தபின் இன்னொன்று என்று எடுத்து ஒப்பிட்டால், மூன்று ஸ்கேன் சொல்லாததை அந்த இரண்டும் சொல்லக்கூடும்.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளில் சினைப்பை பற்றி என்ன எழுதியிருக்கிறது? ‘சினைப்பைகள் சரியாகத் தென்படவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அதை ‘சினைப்பைகள் நன்றாக இருக்கின்றன’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கர்ப்பப்பை எடுத்த இடத்தில் குடல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். குடலில் காற்று இருந்தால் ஒலி அலை அதைத் தாண்டிப் போகாது. வயிற்றின் மேலிருந்து மட்டும் பார்த்தால் சினைப்பை அதன் பின்னால் மறைந்துவிடுவது சகஜம். யோனி வழி ஸ்கேனில் கருவி சினைப்பைக்கு மிக அருகில் போகிறது. அதிக அதிர்வெண் உள்ள ஒலியைப் பயன்படுத்த முடிகிறது, படமும் துல்லியமாகிறது. நம் பெண்கள் பலர் கூச்சத்தால் இதை வேண்டாம் என்று விடுகிறார்கள், கேட்கத் தயங்கி டாக்டர்களும் விட்டுவிடுகிறார்கள். பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. வயிற்று ஸ்கேனைப் போலத் தண்ணீர் குடித்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.

அந்த ஸ்கேனில் சினைப்பையைச் சுற்றி ஒழுங்கற்ற வடிவில் நீர் தேங்கியிருப்பது தெரிந்தால், அது சினைப்பையின் சொந்தக் கட்டியாக இல்லாமலும் இருக்கலாம். சினைப்பையிலிருந்து கசியும் சிறிதளவு திரவத்தை ஆரோக்கியமான பெரிட்டோனியம் உறிஞ்சிக்கொண்டுவிடும். சுற்றிலும் ஒட்டுத்திசு இருந்தால் அது வெளியேற வழியில்லாமல் மூலை முடுக்கெல்லாம் தேங்கும். பெரிட்டோனியல் இன்க்ளூஷன் சிஸ்ட் என்று இதற்குப் பெயர், சிறைப்பட்ட நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுத்திசு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது தேக்கிய நீர் தெரியும் என்பது இதிலுள்ள வேடிக்கை. இதைக் கட்டி என்று தவறாக நினைத்து சினைப்பையையே எடுத்துவிட்ட சம்பவங்களும் உண்டு. அதனால்தான் சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. கேட்கிறோம்.

ஸ்கேன் செய்பவரிடம் சிறுநீரகங்களையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் யூரெட்டர் என்ற குழாய், கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்கு அடியில், கர்ப்பப்பை வாயிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளிப் போகிறது. கர்ப்பப்பையை எடுக்கும்போது கட்டிப்போட்டு வெட்டும் இடமும் அதுவே. அபூர்வமாக அந்தக் குழாய் நெருக்கப்பட்டுவிட்டால், மேலே சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கும். இரண்டு வருடம் கழித்து உங்களுக்கு அப்படி இருக்க வாய்ப்பு குறைவுதான். ஆனால் அரை நிமிடத்தில் பார்த்துவிடக்கூடியதைப் பார்க்காமல் விட வேண்டாமே.

இப்போது குடத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் உதவிய வரி அதுதான். குனிந்து தூக்கும்போது சுருக்கென்று பிடிக்கிறது என்றால், வலி வயிற்றுக்கு உள்ளே இல்லாமல் வயிற்றுச் சுவரிலேயே இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க 1926-இல் ஜான் கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு சோதனையை எழுதிவைத்தார். மல்லாந்து படுத்துக்கொண்டு, வலிக்கும் இடத்தை ஒரு விரலால் அழுத்துங்கள். விரலை எடுக்காமலேயே தலையையும் தோளையும் தரையிலிருந்து தூக்குங்கள். வயிற்றுத் தசைகள் இறுகும். வலி குறைந்தால், இறுகிய தசை உள்ளே இருக்கும் எதையோ உங்கள் விரலிடமிருந்து காக்கிறது. குறையாமல் நின்றாலோ கூடினாலோ, வலி அந்தத் தசையிலோ அதில் ஓடும் நரம்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் டாக்டர் முன்னால் இதைச் செய்து காட்டுங்கள்.

அடிவயிற்றில் குறுக்காகக் கீறியிருந்தால், கீறலின் இரண்டு ஓரங்களுக்கும் அருகில் இலியோஇங்குவினல், இலியோஹைப்போகாஸ்ட்ரிக் என்ற இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. பெயர்தான் நீளம், நரம்பு மிக மெல்லியது. தையலிலோ தழும்பிலோ அது சிக்கிக்கொண்டால் எரிச்சலும் சுருக்கென்ற குத்தலும் வரும். மாதங்கள் கழித்து ஆரம்பிப்பதும் உண்டு. இந்தச் சிக்கலை எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. இங்கே ஸ்கேனின் வேலை வேறு. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே அந்த நரம்பின் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்துவார்கள். வலி சட்டென்று போனால் குற்றவாளி அதுதான் என்று தெரிந்துவிடும். சிலருக்கு அந்த ஊசியே வைத்தியமாகவும் அமைந்துவிடுகிறது.

தழும்பில் குடலிறக்கம், ஹெர்னியா, இருக்கிறதா என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். படுத்தால் உள்ளே போய்விடும் சின்ன ஹெர்னியா, படுக்கவைத்து எடுக்கும் ஸ்கேனில் எப்படித் தெரியும்? நிற்கவைத்து, இருமச் சொல்லிப் பார்க்க வேண்டும். தழும்பிலேயே சிறு முடிச்சு தட்டுப்பட்டு அதுவும் மாதக் கணக்கில் வலித்தால், கர்ப்பப்பையின் உட்படலத் திசு அங்கே ஒட்டி வளர்ந்திருக்கலாம். சிசேரியன் தழும்புகளில் இதை நாங்கள் பார்க்கிறோம்.

ஸ்கேன் பிறந்த கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், பாய்லர் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒலிக் கருவியை மனித வயிற்றுக்குப் பயன்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு பெருத்த ஒரு பெண்மணிக்கு, இரைப்பைப் புற்றுநோய், அறுவையால் பயனில்லை என்று மற்ற மருத்துவர்கள் கைவிட்டிருந்தார்கள். டொனால்டின் கருவி, அது சினைப்பையின் நீர்க்கட்டி என்று காட்டியது. எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். 1958-இல் அந்த அனுபவங்கள் ‘லான்செட்’டில் கட்டுரையாக வந்தன. கையால் தொட்டு முடிவு செய்ததை ஸ்கேன் திருத்திய காலம் அது. உங்கள் விஷயத்தில் தலைகீழ். மூன்று ஸ்கேன் எடுத்தவர்களில் யாராவது உங்கள் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

விரலால் பார்க்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. இடுப்புக் குழியின் தரையாக விரிந்திருக்கும் தசைகள் நீண்ட நாள் வலியால் இறுகிப்போவதுண்டு. உள்பரிசோதனையில் அந்தத் தசையைத் தொட்டால் ‘இதுதான் டாக்டர்’ என்று நோயாளி சொல்லிவிடுவார். ஸ்கேன் அனேகமாக எதுவும் சொல்லாது. இதற்குத் தேவைப்படுவது பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்.

வீட்டில் சொல்வது பற்றி. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைத்தான் படம் எடுக்கிறது, வலியைப் படம் எடுக்கும் ஸ்கேனை யாரும் வைத்தியத்துக்குப் பயன்படுத்துவதில்லை. தலைவலிக்கும் பெரும்பாலோருக்கு மூளை ஸ்கேன் சரியாகத்தான் இருக்கிறது, அதற்காகத் தலைவலியே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மாதக் கணக்கில் நீடிக்கும் வலியில் நரம்புகள் கூர்மையாகி, சின்னத் தூண்டலுக்கும் பெரிதாகப் பதில் சொல்லும் என்பது உண்மை. கவலையும் தூக்கக் குறைவும் அதைக் கூட்டும் என்பதும் உண்மை. இதெல்லாம் கற்பனை வலி என்று ஆகாது. மூன்று ரிப்போர்ட்டுகளாலும் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு: பெரிய கட்டியோ சீழோ அவற்றில் தென்படவில்லை. அந்த அளவுக்கு வீட்டார் நிம்மதியடையலாம், அதற்கு மேல் அவற்றிலிருந்து எதையும் முடிவு கட்ட வேண்டாம்.

கடைசியாக, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? இப்போதே வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு முன்னால், அறுவை செய்த மருத்துவமனையில் உங்கள் பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். எடுத்த கர்ப்பப்பையை ஆய்வகத்தில் வெட்டிப் பார்த்து எழுதியிருப்பார்கள், பலர் அதை வாங்காமலே வந்துவிடுகிறார்கள். அதிலோ அறுவைக் குறிப்பிலோ எண்டோமெட்ரியோசிஸ் என்ற சொல் இருந்தால் நிலைமை மாறுகிறது. கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே சினைப்பையிலும் குடல் மேலும் வளர்வதுதான் அந்த நோய். கர்ப்பப்பையை எடுத்த பிறகும், சினைப்பை இருக்கும்வரை அது உயிரோடு இருக்கக்கூடும். ஆழமாகப் பதிந்த அந்தத் திசுவையும் அதில் கசிந்த பழைய ரத்தத்தையும் எம்.ஆர்.ஐ. நன்றாகப் பிடிக்கும். அப்போது எடுங்கள். அந்தச் சந்தேகத்தைச் சீட்டில் எழுதவும் சொல்லுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் எந்தக் கோணத்தில், எந்த முறையில் படம் எடுப்பது என்று நாங்கள் தீர்மானிக்க முடியும். வயிறும் இடுப்பும் சேர்த்து ஒரு சி.டி. எடுத்தால் ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடம்பில் ஏறும், அதாவது மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நமக்கு மூன்று நான்கு வருடத்தில் சேரும் அளவு. அவசரத்துக்கு அது பெரிதல்ல. நாள்பட்ட வலிக்கு ‘எதற்கும் பார்த்துவிடலாம்’ என்று எடுக்க வேண்டியதில்லை.

காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், ரத்தப்போக்கு, ஒரு பக்கக் கால் வீக்கம், சிறுநீர் போவதில் தடை இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் நோட்டையும் தேதிகளையும் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது வலிக் குறிப்பு, பயாப்சி ரிப்போர்ட், பழைய மூன்று ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். சீட்டில் ‘வலது சினைப்பை நகர்கிறதா, தழும்பில் ஹெர்னியா இருக்கிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் மேஜையில் படுத்திருக்கும்போது கருவி பட்டு அதே வலி வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். ‘இங்கேதான், இதே வலிதான்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள்.